முத்திரையும் உரிமமும்

காட்டாங்குளத்தூரில் ரயில் பாதையையும் ஜி.எஸ்.டி. சாலையையும் விட்டுச் சற்று உள்ளடங்கி நிற்கும் ஒரு சிறு சபையில், மறுநாள் ஆராதனைக்குரிய பாட்டுகளைச் சனிக்கிழமை மாலைதோறும் மடிக்கணினியில் தட்டெழுதி ஸ்லைடுகளாக்கும் ஊழியத்தை ஓர் இளைஞர் சில வருஷங்களாகச் செய்துவருகிறார். பொத்தேரிக் கல்லூரி விடுதிகளிலிருந்து வரும் மாணவர்களில் தமிழ் வாசிக்கத் தெரியாதவர் பலர் என்பதால் ஒவ்வொரு வரியையும் ஆங்கில எழுத்திலும் போட வேண்டியிருக்கிறது. முதியோருக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு சரணம் இரண்டு ஸ்லைடுகளாகப் பிரிந்துபோகிறது. ஆகவே ஒரு பாட்டில் பல்லவியும் இரண்டு சரணங்களும் போதும் என்று கொயர் தீர்மானித்துவிடுகிறது. ஒரு சனிக்கிழமை அவர் பட்டியலில் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றும், ஜெர்மன் மொழியிலிருந்து வந்த ஞானப்பாட்டு ஒன்றும், ஸ்டூவர்ட் ஹைன் எழுதிய ஆங்கிலப் பாட்டு ஒன்றும், இப்போது ஜீவித்திருக்கும் தமிழ்ப் பாடகர் ஒருவரின் புதுப்பாட்டும், எழுதியவர் யாரென்றே தெரியாத பழைய பாட்டு ஒன்றும் இருந்தன. தட்டெழுதியபடியே அவர் கேட்டார்: "அங்கிள், போன வாரம் லைவ்ல ஒரு பாட்டுக்கு காப்பிரைட் கிளெய்ம் வந்துடுச்சு. சபையில பாடறதுக்குக்கூட லைசென்ஸ் வாங்கணுமா?"

அக்கேள்விக்கு உடனே விடைசொல்ல என்னால் இயலவில்லை. பிற்பாடு சட்டத்தையும் நமது கீர்த்தனை மரபின் சரித்திரத்தையும் அருகருகே வைத்துப் படித்தபோது, நாம் அஞ்ச வேண்டாத இடத்தில் அஞ்சுகிறோம் என்பதும், கவலைப்பட வேண்டிய ஓரிடத்தில் கவலையின்றி இருக்கிறோம் என்பதும் எனக்குத் தெளிவாயின.

நமது பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் வருஷத்தது. அதன் 52ஆம் பிரிவு, எவையெவை உரிமை மீறல் ஆகா என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்கிறது. 1994ஆம் வருஷத் திருத்தத்தினால் அதில் ஓர் உட்பிரிவு சேர்ந்தது. மெய்யான மதச் சடங்கு ஒன்றின் போக்கில், இலக்கியம், நாடகம், இசை ஆகிய படைப்பு எதனையும் நிகழ்த்துவதும், அதனையோ ஓர் ஒலிப்பதிவையோ பொதுமக்கள் கேட்கச் செய்வதும் குற்றமாகா என்பது அதன் சாரம். கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய சமூகக் கொண்டாட்டங்களும் மதச் சடங்கிலேயே அடங்கும் என்று அதற்கொரு விளக்கமும் உண்டு. இவ்விளக்கத்தின் எல்லை எதுவரை என்பதைப் பற்றிப் பெரிய வழக்குகள் நடந்துவருகின்றன. கல்யாண மண்டபங்களில் இசைக்கு உரிமம் கேட்கலாகாது என்னும் கருத்தில் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 2023 ஜூலையில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதே போக்கில் கோவா அரசு வெளியிட்ட சுற்றறிக்கையைப் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு 2024 ஆகஸ்டில் ரத்து செய்தது. கல்யாண விருந்தைப் பற்றிய அவ்வாக்குவாதம் எப்படிப் போனாலும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபை எழுந்து நின்று ஒரு பாட்டைப் பாடுவது இவ்வுட்பிரிவின் நடு மையத்தில் நிற்கும் காரியம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பாட்டின் ஆசிரியர் உயிரோடிருந்தாலும், அவர் ஆஸ்திரேலியாவில் இருந்தாலும், பாடுவதற்காக நாம் எவருக்கும் ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சட்டம் விலக்களித்திருப்பது பாடுவதற்கும் கேட்கச் செய்வதற்கும் மாத்திரமே. பிரதி எடுப்பதற்கு அவ்விலக்கு இல்லை. படைப்பாளிக்குரிய உரிமைகளைச் சொல்லும் 14ஆம் பிரிவு, ஒரு படைப்பை மின்னணு முறையில் எந்தச் சாதனத்தில் சேமித்துவைப்பதும் மறுபிரதி செய்வதே என்று சொல்கிறது. எனவே அவ்விளைஞர் சனிக்கிழமை மாலை தம் மடிக்கணினியில் புதுப்பாட்டின் வரிகளைத் தட்டெழுதிச் சேமிக்கும் வேளையில், மறுநாள் காலை நூறு பேர் கூடிப் பாடும்போது எழாத ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. திரையில் வரிகள் ஒளிர்வதைச் சடங்கின் போக்கிலேயே நிகழும் பொதுத் தெரிவிப்பு என்று வாதிக்கலாம், நானும் அப்படியே வாதிப்பேன். ஆனால் வருஷக்கணக்கில் நூற்றுக்கணக்கான பாட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் அந்தக் கோப்புறைக்கும், ஜெராக்ஸ் எடுத்துத் தைத்து கன்வென்ஷனில் விற்கும் பாட்டுப் புத்தகத்துக்கும், ஒரு பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்துப் பாடும் வழக்கத்துக்கும் அந்த வாதம் எட்டாது. மொழிபெயர்ப்பு உரிமையும் 14ஆம் பிரிவு ஆசிரியருக்கே வைத்திருக்கும் உரிமைகளில் ஒன்று. பெர்ன் உடன்படிக்கையில் இந்தியா 1928 முதலே சேர்ந்திருப்பதால் அயல்நாட்டு ஆசிரியருக்கும் இங்கே அதே பாதுகாப்பு உண்டு.

நேரலைக்கு வந்த கிளெய்ம் விஷயம் வேறு. 2020இல் ஊரடங்கு வந்து சபைக் கதவுகள் சாத்தப்பட்டபோது, சிறு சபைகளும் கைப்பேசியை ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி ஆராதனையை யூடியூபில் ஏற்றத் தொடங்கின. கதவு திறந்த பிற்பாடும் அப்பழக்கம் நின்றுவிடவில்லை. அங்கே ஒலியை ஒலியோடு ஒப்பிடும் இயந்திரத்துக்கு நமது 52ஆம் பிரிவு தெரியாது. அது அந்நிறுவனம் வகுத்துக்கொண்ட விதிகளின்படி நடக்கிறது. கிளெய்ம் என்பது பெரும்பாலும் அந்தக் காணொளியில் விளம்பர வருமானம் வந்தால் அது உரிமையாளருக்குப் போகும் என்னும் அறிவிப்பே. சேனலையே முடக்கக்கூடிய ஸ்ட்ரைக் அதனின்று வேறானது. நமது இளைஞருக்கு வந்தது முன்னது. காரணத்தைத் தேடியபோது, வாத்தியக்காரர் வராத அந்த ஞாயிற்றுக்கிழமை, பாட்டின் அசல் ஒலிநாடாவிலிருந்து குரலை நீக்கிய 'டிராக்'கைப் போட்டுப் பாடியிருந்தது தெரியவந்தது. ஒலிப்பதிவுக்கு உரிமை தனி, வரிக்கும் மெட்டுக்கும் உரிமை தனி என்பதைச் சபைகள் அறிந்துகொண்டால் இம்மாதிரிக் கலக்கங்களில் பாதி நீங்கும். ஆராதனை நடக்கும் நேரத்தில் வீட்டில் படுத்திருக்கும் நோயாளி அதைக் கேட்பது சடங்கின் போக்கிலேயே அடங்கும் என்பது என் அபிப்பிராயம். ஆராதனை முடிந்து, அப்பாட்டை மாத்திரம் வெட்டியெடுத்து, தலைப்பு வைத்துத் தனிக் காணொளியாக வெளியிட்டால் அதைச் சடங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவில் இந்தப் பாடம் மிகுந்த செலவில் கற்கப்பட்டது. அங்கும் ஆராதனையில் பாடுவதற்குச் சட்டம் விலக்களிக்கிறது, பிரதிக்கு அளிக்கவில்லை. 1960களில் கத்தோலிக்கத் திருச்சபை தாய்மொழி வழிபாட்டுக்கு மாறியபோது புதுப்பாட்டுகளுக்குப் பெரும் பசி உண்டாயிற்று. பங்குகள் தோறும் உருட்டச்சில் பாட்டுத் தாள்களை அடித்துக்கொண்டார்கள். எஃப்.ஈ.எல். என்னும் பிரசுராலயம், ஆண்டுக்கு 100 டாலர் கட்டினால் தன் 1,400 பாட்டுகளையும் வேண்டியமட்டும் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று 1972இல் ஓர் ஏற்பாடு செய்தது. அது பரவலாக ஏற்கப்படாமல் போகவே, 1976இல் சிக்காகோ மறைமாவட்டத்தின்மீது வழக்குத் தொடுத்தது. 1984இல் நடுவர் குழு 31 லட்சத்து 90 ஆயிரம் டாலர் நஷ்டஈடு விதித்தது. அதில் 30 லட்சத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் பின்னர் நீக்கிவிட்டதாயினும், அத்தொகை செய்தித்தாளில் வந்த நாளிலேயே தேசமெங்கும் சபைகள் நடுங்கிவிட்டன. போர்ட்லண்ட் நகரத்தில் சபை இசை ஊழியராயிருந்த ஹோவர்ட் ரச்சின்ஸ்கி என்பவர் 1988இல் சி.சி.எல்.ஐ. என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கியது இப்பின்னணியில்தான். சபையின் அளவுக்கேற்ப ஆண்டுச் சந்தா, எந்தெந்தப் பாட்டைப் பிரதி எடுத்தோம் என்னும் அறிக்கை, அவ்வறிக்கையின்படி ஆசிரியர்களுக்குப் பங்கு என்பது அதன் முறை. ஸ்லைடின் அடியில் ஆசிரியர் பெயரும் வருஷமும் உரிம எண்ணும் போடும் வழக்கமும் அதனோடு வந்தது. பணத்தைவிட இந்தக் கடைசி வழக்கமே என்னை வெகுநேரம் யோசிக்கவைத்தது.

ஏனெனில் பாட்டின் அடியில் பெயர் போடுவது நமக்குப் புதிதன்று. நமது கீர்த்தனைக்காரர்கள் பெயரை அடியில் போடவில்லை, பாட்டுக்குள்ளேயே வைத்தார்கள்; கடைசிச் சரணத்தில் தாளத்தோடும் எதுகையோடும் இழைத்து, பிரிக்க முடியாதபடி பதித்தார்கள். அதற்கு முத்திரை என்று பெயர். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரின் காலத்துத் தஞ்சையில் புகழோடு வாழ்ந்து, 1864இல் மறைந்த வேதநாயக சாஸ்திரியார் தம் பெயரை இவ்வாறு பல பாடல்களில் பதித்திருக்கிறார். அச்சும் பதிவேடும் இல்லாத காலத்திலும், பாட்டு எந்த ஊருக்குப் போனாலும், எந்த வாயில் நுழைந்தாலும், ஆசிரியன் பெயர் கூடவே பயணம்செய்ய அதைவிட உறுதியான உபாயம் இருந்திருக்க முடியாது.

சாஸ்திரியார் முதியவராய் உயிரோடிருந்தபோதே, 1853இல், அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சேற்றினார். சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் முக்கிய ஸ்தானம் பெற்றன. தேவாலயத்தில் மேனாட்டு மெட்டுகளே ஒலித்துவந்த சபைகளுக்குள் கர்நாடக ராகமும் தாளமும் முறைப்படி நுழைய அத்தொகுப்பு பெரிய வாசலாயிற்று. அக்காலத்திலும் கம்பெனி ஆட்சிப் பிரதேசங்களில் 1847ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் ஒன்று இருந்தது. ஆசிரியர் ஆயுளும் மேலே ஏழு வருஷமும், அல்லது மொத்தம் 42 வருஷம், இவற்றில் எது நீளமோ அதுவே அதன் காலவரம்பு. அக்கணக்கை எவ்வளவு தாராளமாகப் போட்டாலும் 1853இல் அச்சான பாட்டின் உரிமை 1895க்கு அப்பால் நீளாது. கருணாமிர்த சாகரம் தந்த ஆபிரகாம் பண்டிதர் 1919இல் காலமானார். பின்வந்த சட்டத்தின்படி ஆயுளுக்குமேல் 50 வருஷம் என்று கணக்கிட்டால் அவர் பாடல்கள் 1969உடன் பொதுச் சொத்தாயின. வேப்பேரியில் ஊழியம் செய்து ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கிய பப்ரீஷியஸ் ஐயர் 1791இல் மறைந்தவர். அவரைப் பற்றிக் கணக்கே வேண்டாம். ஹைன் அப்படியல்லர். அவர் 1989இல் மறைந்தார். தாகூரின் நூல்களுக்காக 1992இல் 50 வருஷத்தை 60 ஆக்கிய நம் சட்டத்தின்படி, அவர் பாட்டுக்கு இந்தியாவில் 2049 முடியும்வரை உரிமையாளர் உண்டு.

பழைய பாட்டுகளை இவ்வாறு தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அறிந்தபோது எனக்கு உண்டான சந்தோஷம், ஸ்லைடைப் பார்த்தபோது குறைந்துவிட்டது. பல்லவியும் இரண்டு சரணமும் போதும் என்று கொயர் நிறுத்திக்கொள்ளும்போது முதலில் உதிர்வது கடைசிச் சரணம், அதாவது, முத்திரை. உரிமைக்காலம் முடிந்த பாட்டில் உரிமையாளர் இல்லை என்பது சரி, ஆசிரியரும் இல்லை என்று ஆகிவிடுமா? சட்டமே அப்படிச் சொல்லவில்லை. 57ஆம் பிரிவு, ஒரு படைப்பைத் தன்னுடையது என்று உரைக்கும் உரிமையை ஆசிரியனுக்குத் தனியே கொடுத்திருக்கிறது. பதிப்புரிமையை அவன் முற்றாக விற்றுவிட்டாலும் இது அவனிடமே தங்குகிறது, அவனுக்குப் பின் அவன் வாரிசுகள் இதற்காக வாதாடலாம். தன் கீர்த்திக்குப் பங்கம் வரும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் அதே பிரிவில் உண்டு. சிற்பி அமர்நாத் சேகல் விஞ்ஞான பவனச் சுவருக்கென்று செய்த பெருஞ்சிற்பத்தை அரசே பெயர்த்தெடுத்துச் சேதப்படுத்தியபோது, 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் இப்பிரிவைக் கொண்டே அவருக்கு நியாயம் வழங்கியது. காசு கேட்காத ஆசிரியனும் பெயரை இழக்கச் சம்மதித்தவன் அல்லன் என்பதே இப்பிரிவின் உட்கிடை என்று நான் வாசிக்கிறேன்.

இதற்கு மாறாக ஒரு நியாயமான குரலும் நம்மிடையே எழுந்தது. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியாபிலஸ் அப்பாவு (1940–2005), நாட்டார் மெட்டிலும் பறை முதலிய வாத்தியங்களிலும் கிறிஸ்தவ வழிபாட்டை அமைத்தவர். கீர்த்தனை மரபு மேல்சாதியார் இசையின் வாசனையோடு வந்தது என்றும், ஒடுக்கப்பட்ட மக்களின் சபையில் அவர்கள் இசையே ஒலிக்க வேண்டும் என்றும் அவர் கருதினார். நாட்டார் பாட்டை எவரும் எடுக்கலாம், தம் ஊர் வழக்குக்கு மாற்றலாம், ஒரு சரணம் கூட்டலாம். அந்த மறு ஆக்கத்தின் சுதந்தரமே அவ்விசையை விடுதலையின் சாதனமாக்குகிறது என்பது அவர் கொள்கை. அவரைப் பற்றி ஸோ ஷெரினியன் 2014இல் வெளியிட்ட ஆய்வு நூலைப் படிப்போர் இதை விரிவாய்க் காணலாம். இத்தகைய பாட்டில் ஆசிரியன் கரைந்துபோவது இழப்பாகாது, நோக்கமே அது. எனினும் சட்டம் வாய்மொழி விருப்பத்தை அறியாது. 2005இல் மறைந்த ஒருவரின் பாட்டு, அவர் உள்ளக்கருத்து எதுவாயினும், 2065 முடியும்வரை அதன் கணக்கில் உரிமைக்குட்பட்டதே. ஊராருக்கென்றே பாட்டு எழுதுவோர் இதை முன்னதாக அறிந்திருப்பது அவசியம். 21ஆம் பிரிவின்படி ஆசிரியர் தம் உரிமையை முழுவதுமாகவோ பகுதியாகவோ துறந்துவிடலாம். 2012ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பின் அதற்கு ஒரு பொது அறிவிப்பே போதும். முழுத் துறவு வேண்டாதவர், 30ஆம் பிரிவின்படி எழுத்து மூலமாய் எவருக்கும் உரிமம் கொடுக்கலாம். "சபைகள் இப்பாட்டை அச்சிடலாம், திரையிடலாம், பெயரை நீக்கலாகாது, விற்பதானால் கேட்க வேண்டும்" என்று பாடகர் தம் பாட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தால், ஆயிரம் சபைகளின் சங்கடம் அந்த மூன்று வரியில் தீரும்.

சி.சி.எல்.ஐ. போன்ற சந்தா முறையே நமக்கும் ஏற்றது என்று சிலர் சொல்கிறார்கள். காணிக்கைப் பெட்டியில் விழுவதைக் கொண்டு வாடகையும் மின்கட்டணமும் கட்டும் புறநகர்ச் சபைகளை அறிந்தவன் என்ற முறையில், அவர்கள்மீது இன்னொரு சந்தாவைச் சுமத்த நான் தயங்குகிறேன். பாட்டாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமைத்தொகை வசூலித்துக் கொடுக்க 1969இல் தோன்றிய ஐ.பி.ஆர்.எஸ். சங்கம் இருக்கிறதே என்றால், அதன் பெரும்பகுதி வேலை சினிமாப் பாட்டையும் வானொலியையும் இணையத்தையும் சுற்றியது. கைப்பட எழுதி, சொந்தச் செலவில் ஒலிப்பதிவு செய்து, கூட்டங்களில் புத்தகம் விற்று ஜீவிக்கும் ஊழியப் பாடகருக்கு அங்கே உறுப்பினராவதே பெரிய காரியம்.

தமிழ்நாட்டில் இதற்கு வேறொரு முன்மாதிரி உண்டு. 1921இல் மறைந்த பாரதியின் பாட்டுகளுக்கு ஒலிப்பதிவு, சினிமா உரிமைகள் கைமாறி, ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்திருந்தன. அவர் தயாரித்த 'நாம் இருவர்' படம் வெளிவந்த காலம் அது. பாரதி பாட்டு யார் சொத்து என்னும் கிளர்ச்சி எழுந்தபின், 1949இல் சென்னை அரசாங்கம் உரிமையை ஏற்றது. செட்டியார் தம் உரிமையை விலை வாங்காமல் ஒப்படைத்தார்; கவிஞரின் தம்பி விசுவநாதனுக்கு 15,000 ரூபாயும், மனைவி செல்லம்மாளுக்கும் இரு புதல்வியருக்கும் ஆளுக்கு 5,000 ரூபாயும் கொடுக்கப்பட்டன; 1955இல் அப்பாடல்கள் பொதுமக்களுக்கே உரியவையாயின. நாட்டுடைமை என்று நாம் இன்று சாதாரணமாய்ச் சொல்லும் ஏற்பாட்டின் தொடக்கம் அது. குடும்பத்துக்கு ஒரு கௌரவத் தொகை கொடுத்து, பாட்டை அனைவருக்குமாக விடுவித்து, பெயரை மாத்திரம் என்றைக்கும் கவிஞனுக்கே வைத்த அம்முறையை, 1947இல் ஒன்றிணைந்த தென்னிந்தியத் திருச்சபையின் திருமண்டலங்களோ, 1858 முதல் சென்னையில் நூல் வெளியிட்டுவரும் கிறிஸ்தவ இலக்கியச் சங்கமோ, பெந்தெகொஸ்தே சபைகளின் ஐக்கியங்களோ தங்கள் பாட்டுகளுக்குச் செய்யலாகாதா? 1938 டிசம்பரில் உலகத் திருச்சபைகளின் பிரதிநிதிகள் தாம்பரத்தில், கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் கூடி ஆலோசித்த மண் இது. அவ்விடத்திலிருந்து சில ரயில் நிலையங்கள் தள்ளியுள்ள சபைகள், பாட்டின் முதலடி, ஆசிரியர் பெயர், மறைந்த வருஷம், இப்போது கேட்க வேண்டிய முகவரி ஆகிய நான்கைக் கொண்ட பதிவேடு ஒன்றைத் தமக்குள் தொடங்கினால்கூட அது நல்ல ஆரம்பமாகும்.

அவ்விளைஞரிடம் நான் இத்தனையும் சொல்லவில்லை. பாடுவதற்கு உரிமம் வேண்டாம், டிராக் போடாதீர்கள், புதுப்பாட்டுக்காரருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள், ஒவ்வொரு பாட்டின் அடியிலும் பெயர் போடுங்கள் என்றேன். பாடகர் மறுநாளே சம்மதம் எழுதி அனுப்பினார். எழுதியவர் தெரியாத அந்தப் பழைய பாட்டில்தான் வேலை நின்றது. இணையத்தில் தேடியபோது 'பாரம்பரியப் பாடல்' என்று ஓரிடத்திலும், பிற்காலத்தில் அதைப் பாடிய ஒருவரின் பெயரே ஆசிரியர் பெயராக மற்றோரிடத்திலும் இருந்தன. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், முன்வரிசையில் உட்காரும் பாட்டியம்மாவிடம் கேட்டோம். "முழுசாப் பாடினாத்தானப்பா தெரியும், நீங்கதான் பாதியிலேயே நிறுத்திடுறீங்களே" என்றவர், அடுத்த வாரம் தம் மாமியார் காலத்துப் பாட்டுப் புத்தகத்தை மஞ்சள் துணிப்பையில் கொண்டுவந்தார். அட்டை இல்லை, தலைப்புப் பக்கமும் இல்லை. ஓரங்கள் பழுத்துக் கையில் பொடிந்தன. அப்பாட்டுக்கு ஆறு சரணங்கள் இருந்தன. ஆறாவதில், மூன்றாம் அடியில், ஓசை பிசகாமல் ஆசிரியர் பெயர் உட்கார்ந்திருந்தது.

இளைஞர் ஆறாவது சரணத்துக்கு ஒரு ஸ்லைடு கூட்டினார். மறு ஞாயிறு அது திரையில் வந்தபோது, கேட்டறியாத வரியாதலால் சபை தடுமாறிற்று. மாணவர்கள் வாயசைத்து நின்றார்கள். கீபோர்டு வாசித்தவர் பல்லவியை மெதுவாக வாசித்துக்கொண்டே காத்திருந்தார். பாட்டியம்மா தனியாக அந்த அடியைப் பாடி முடித்தார். இரண்டாம் முறை எல்லோரும் பாடினார்கள்.